இருபத்துநாலு மணித்தியால அறிவித்தல்

ஆகஸ்ட் 4, திங்கள்

தென்மேற்குக் கச்சான் காற்று. கந்தோர் ஜன்னலை மூடினால் புழுக்கம், திறந்தால் மேசையெல்லாம் மணல். புதன்கிழமை விசாரணைக்குக் கோப்பு தயார் செய்ய வேண்டும். ஆறு பிரதி, இரண்டு மொழி. போட்டோகொப்பி மெஷினில் மை இல்லை.

விஷயம் சின்னது. ஆலங்குடாவுக்கு அப்பால் ஒரு ஹோட்டல், மையவாடிக்கு, ஊரின் அடக்கஸ்தலத்துக்கு, போகும் பாதையை வேலிக்குள் எடுத்து கேட் போட்டுவிட்டது. ஊர்மக்கள் எங்களிடம் முறைப்பாடு. நாங்கள் சிறுபான்மைச் சமயத்தவரின் உரிமைகளைப் பாதுகாக்கும் ஆணைக்குழு. பலகையில் அப்படித்தான் போட்டிருக்கிறது. தலைமையகம் கொழும்பில். புத்தளத்தில் நானும் ஒரு மின்விசிறியும்.

முறைப்பாட்டில் முதல் கையெழுத்துக்காரர் ஹனீபா காக்கா போன் எடுத்தார். மீன்பிடிக்காரர். மனைவி சுபைதா ராத்தாவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. இனிச் செய்ய ஒன்றுமில்லையென்று ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி அனுப்பிவிட்டார்கள்.

“அவ கேக்கிறது ஒண்டுதான் தம்பி. தோணி கவுந்து மவுத்தான மகன்ட பக்கத்துல அவவயும் அடக்கணுமாம். பாதய மட்டும் தொறந்து தாங்க.”

“ஓம் காக்கா, புதனோட முடிஞ்சிடும்” என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ.

ஆகஸ்ட் 6, புதன்

விசாரணை நடந்த இடம்: அதே ஹோட்டலின் மண்டபம்! பிரதேச செயலக மண்டபத்தில் ஏசி இல்லையாம். கொழும்பிலிருந்து வரும் எங்கள் ஆணையாளருக்கு வெக்கை ஒத்துவராதாம்.

மதியம் உள்ளே இறால், நண்டு, வட்டிலப்பம். ஊர்க்காரர் பன்னிரண்டு பேருக்கும் வெளியே தென்னையடியில் சோற்றுப் பார்சல். நான் உள்ளே. நண்டு தின்றேன். ருசியாகத்தான் இருந்தது.

ஹோட்டலுக்கும் ஊருக்குமான ஒப்பந்தம் கொழும்பிலிருந்தே அடித்து வந்திருந்தது, சிங்களத்தில். ஊர்வலங்களுக்கு வைத்திருக்கும் பழைய படிவம். ‘ஊர்வலம்’ என்ற இடத்திலெல்லாம் ‘சமய நிகழ்வு’ என்று மாற்றியிருக்கிறார்கள், வேறொன்றும் செய்யவில்லை. நாலாம் பிரிவு: நிகழ்வுக்கு இருபத்துநாலு மணித்தியாலத்துக்கு முன், ஆணைக்குழு ஊடாக எழுத்தில் அறிவித்தால் கேட் திறக்கப்படும்.

எங்களில் காலையில் மவுத்தானால் பின்னேரத்துக்குள் அடக்கம். யார் முதல் நாளே அறிவிப்பது? ஆணையாளரின் காதருகே போய்ச் சொன்னேன்.

“அதப் பிறகு திருத்திக்கொள்ளலாம். போட்டோ எடுக்கிறவர் நிற்கிறார். நீங்க மொழிபெயர்த்துச் சொல்லுங்க.”

சொன்னேன். எப்படி? “மவுத்து நடந்தா எங்கட கடிதம் ஒண்டு, அவ்வளவுதான், கேட்டத் தொறப்பாங்க.” மணித்தியாலத்தை விழுங்கிவிட்டேன். ஹனீபா காக்கா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு துஆச் செய்தார். கையெழுத்து, கைகுலுக்கல், படம். படத்தில் நானும், பல்லைக் காட்டிக்கொண்டு. தூ.

ஆகஸ்ட் 7, வியாழன்

நாலாம் பிரிவைத் திருத்தக் கோரி தலைமையகத்துக்குக் கடிதம். மின்னஞ்சல். போன், மூன்று தடவை. பதில்: “அடுத்த அமர்வில் பார்ப்போம்.” அடுத்த அமர்வு எப்போது? “அறிவிப்போம்.”

மோட்டார் சைக்கிள் பின்டயர் பஞ்சர். மகளுக்குச் சப்பாத்து. சின்ன வெங்காயம் ஒரு கிலோ.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

உண்மையைச் சொல்லிவிடலாமென்று ஹனீபா காக்கா வீட்டுக்குப் போனேன். சுபைதா ராத்தா சுவரில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். முகம் ஊதிப்போய்.

“சீனி பத்தல்ல. இன்னம் கொஞ்சம் போடச் சொல்லுங்க தம்பி, இவர் கணக்குப் பாக்கிறாரு.” சிரிக்கவும் செய்தார். பிறகு, “பாத தொறந்தாச்சாமே. அல்லாஹ் ஒங்களுக்கு நல்லது செய்யணும்.”

தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பி வந்தேன். வரும் வழியில் ஒரு யோசனை: இன்றைக்கே கடிதத்தை எழுதிக் கொடுத்துவிட்டால்? உயிரோடு கஞ்சி குடிக்கிற மனுசிக்கா? சீ. விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 13, புதன்

சுபஹுத் தொழுகைக்குப் பிறகு போன். சுபைதா ராத்தா மவுத். இன்னாலில்லாஹி. கடிதத்தாளையும் முத்திரையையும் பைக்குள் போட்டுக்கொண்டு போனேன். பத்தரை மணிக்குக் கேட்டடியில் நாற்பது ஐம்பது பேர், நடுவில் சந்தூக்குப் பெட்டியில் ஜனாஸா. கேட்டில் பூட்டு. கடற்கரையால் போக வழியில்லை, இந்தக் காற்றுக்கு அலை வேலிவரை அடிக்கிறது.

மேலாளர் ஒப்பந்தத்தோடு வந்தார். மரியாதையான ஆள், குரலே உயர்த்தவில்லை. சிங்களத்தில், “நான் போட்ட சட்டமில்லை சேர், உங்கள் ஆணைக்குழு போட்டது. நேற்றைய திகதியில் கடிதம் தாருங்கள், இப்போதே திறக்கிறேன்.”

தலைமையகத்துக்குப் போன் எடுத்தேன். ஆணையாளர் கூட்டத்தில்.

பின்னாலிருந்து யாரோ, “ஒடைங்கடா கேட்ட!” ஹனீபா காக்கா திரும்பிப் பார்த்து, “வாண்டாம். எண்ட மனுசிய வெச்சிட்டுச் சண்ட வாண்டாம்” என்றார்.

மோட்டார் சைக்கிள் சீட்டில் தாளை வைத்து எழுதினேன். திகதி, ஆகஸ்ட் 12. ‘நாளை 13ஆம் திகதி, திருமதி சுபைதா உம்மா அவர்களின் நல்லடக்கம் நடைபெறவுள்ளதென்பதை முன்கூட்டியே அறியத்தருகிறேன்.’ முத்திரை. என் கையெழுத்து. அறிவிப்பவரும் வைக்க வேண்டும், கணவர்.

ஹனீபா காக்கா எழுத்தெழுத்தாக வாசித்தார். “நேத்து அவ உசிரோட இருந்தாவே தம்பி.”

“ஓம் காக்கா.”

“ஒங்களுக்கு அண்டைக்கே தெரியுமா, இப்பிடி இரிக்கு எண்டு?”

“தெரியும்.”

என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம். பேனையை வாங்கிக் கையெழுத்து வைத்தார். கேட் திறந்தது. மகனுக்குப் பக்கத்தில்தான் அடக்கினோம். நானும் மூன்று பிடி மண் போட்டேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

காற்று அடங்கவில்லை. ஒன்பது மணிக்குத் தலைமையகத்திலிருந்து போன். ஆணையாளரே. ஹோட்டலிலிருந்து என் கடிதத்தின் பிரதி போயிருக்கிறது. சந்தோஷமாம். ஒப்பந்தம் போட்ட ஒரு வாரத்தில் முதல் அறிவித்தல், அதுவும் உரிய நேரத்துக்கு. “பார்த்தீங்களா, நாலாம் பிரிவில ஒரு பிரச்சினையும் இல்ல.” திருத்தக் கோரிக்கையை முடித்துவிட்டார்களாம். என் கடிதத்தை மாதிரியாக எல்லா மாவட்டத்துக்கும் அனுப்பப் போகிறார்கள்; பெயர் வரும் இடத்தை மட்டும் வெறுமையாக விட்டு உடனே அனுப்பச் சொன்னார்.

சுபைதா ராத்தாவின் பெயரை அழித்து, அதில் கோடு போட்டு அனுப்பினேன்.