அய்யாவுக்கு வாங்கிய வாசிப்பு மிஷின்

2009 ஆவணி, ஞாயிறு இரவு

சிங்கப்பூரிலிருந்து அண்ணன் இன்று கமுதிக்கு வந்தான். அய்யாவுக்கு, எழுத்தைப் பெரிதாக்கிப் புத்தகம் வாசிக்கிற மிஷின் கொண்டுவந்தான். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அவரால் பொடி எழுத்தைப் படிக்க முடியவில்லை.

போன மாதமே போனில் கேட்டான்: "ஒண்ணு கனம், ஆனா தமிழ் வரும். இன்னொண்ணு மெலிசு, இங்கிலீஷ் மட்டும். எது வாங்க?"

மெலிசைச் சொன்னேன். அய்யா எப்படியும் தொடமாட்டார், நான் இங்கிலீஷ் நாவல் படிக்கலாம் என்று நினைத்தேன்.

அய்யா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்தார்.

"ஏத்தா, இதுல தமிழ் வராதா?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் மிஷின் வந்த அட்டைப்பெட்டியை மூடினேன்.

"சரி, நீயே வச்சுக்கத்தா" என்று என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

காலையில் உண்மையைச் சொல்ல வேண்டும். அதற்கும் "பரவாயில்லத்தா" என்றுதான் சொல்வார். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.