பலகையின் அடியில் நீ வைத்த பொட்டு

என் செல்ல அம்மா,

இங்கே பனி விழ ஆரம்பித்துவிட்டது. கர்க்லாண்டில் நம் வீட்டு வாசற்படி தெரியவில்லை. அப்பா உன் கையுறைகளைப் போட்டுக்கொண்டுதான் பனி தள்ளுகிறார். தன்னுடையது எங்கே என்று அவர் தேடவே இல்லை.

என் சறுக்குப் பலகையைப் பற்றி உன்னிடம் சொல்ல வேண்டும். நின்றபடியே பனிச் சரிவில் இறங்குவோமே, முன் நுனியில் கயிறு கட்டிய அந்த ஒற்றைப் பலகை. போன வருடம் சரஸ்வதி பூஜையில், என் புத்தகங்களுக்கும் அப்பா கணக்குப் போடும் ஸ்லைடு ரூலுக்கும் பக்கத்தில் அதையும் சாய்த்து வைத்தாய். மேல் பக்கத்தில் சந்தனம் வைக்கப் போனவள், சட்டென்று கையை இழுத்துக்கொண்டாய்.

"இங்கதானே நீ காலை வைப்பே? பொட்டு மேல கால் படக் கூடாதுடி."

பலகையைப் புரட்டி, அடிப்பக்கத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்தாய். பனியில் உரசும் அந்தப் பக்கத்தில்தான் மெழுகு பூச வேண்டும் என்று அப்போது நம் இருவருக்குமே தெரியாது.

பனி வந்ததும், பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக்கார மதாம் ஜாம் ஜாடிகளை மூடுவதற்கு வைத்திருந்த மெழுகுக் கட்டியில் பாதியை உடைத்துக் கொடுத்தார். பலகை வழுக்கி ஓட, அதை அடியில் இஸ்திரிப் பெட்டியால் உருக்கித் தேய்க்கச் சொன்னார். நீ சமையலறை மேஜையில் பலகையைக் கவிழ்த்துப் போட்டு, தோசைக் கல்லுக்குப் பார்ப்பது போலவே தண்ணீர் தெளித்துச் சூடு பார்த்தாய். மெழுகு உருகி ஓடியது. குங்குமமும் அதோடு கலங்கி, ரோஜா நிறத்தில் ஒரு வட்டமாக உறைந்து போயிற்று. நான் பதறினேன். நீ தேய்ப்பதை நிறுத்தவில்லை.

அந்த வாரமே நீயும் புடவைக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒரு முறை ஏறி நின்றாய். பாதிச் சரிவில் பனியிலேயே உட்கார்ந்துவிட்டு, எழுந்திருக்காமல் சிரித்தாயே, அம்மா. பனி கரைகிற சமயத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனாய். திரும்பி வரவில்லை.

இந்தக் குளிருக்குப் பலகை ஓட மாட்டேன் என்கிறது. பழைய மெழுகில் அழுக்கு ஏறி, பனி அப்பிக்கொள்கிறது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும் என்றார் மதாம். சுரண்டினால் உன் பொட்டும் போய்விடும். நீ போய் இன்னும் வருடம் திரும்பாததால் இந்த முறை பூஜையும் இல்லை. புத்தகங்களில் நீ வைத்த பொட்டெல்லாம் உதிர்ந்துவிட்டது. வீட்டில் மிச்சம் இருந்தது இது ஒன்றுதான்.

அப்பா, இதைச் சுவாமி அலமாரிக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்துவிடலாம், உனக்கு வேறு வாங்கித் தருகிறேன் என்றார். நானும் சரி என்றேன். ஒரு வாரம் அது அங்கே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. நான் அதன் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். ஒரு பக்கமும் மனதில் ஏறவில்லை. நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?

அப்புறம்தான் நான் பதறிய அன்றைக்கு நீ சொன்னது நினைவுக்கு வந்தது. அதை அப்படியே அப்பாவிடம் சொன்னேன். "போனா போகட்டும். பாத்துக்கிட்டு இருக்கவா வெச்சேன்? நீ விழாம ஓடணும்னுதான் வெச்சேன்."

அப்பா சமையலறைக்குப் போய் உன் பழைய தோசைத் திருப்பியை எடுத்து வந்தார்.

அவர் பலகையைப் பிடித்துக்கொண்டார், நான் சுரண்டினேன். சாம்பல் நிறச் சுருள்கள் செய்தித்தாளில் விழுந்தன. நடுவில் சில மட்டும் ரோஜா நிறம். அப்போது மட்டும் என் கை நின்றது. அப்பா அவசரப்படுத்தவில்லை. எல்லாம் முடிந்ததும், தாளை மடித்துக் குப்பையில் போடாமல், கோட்டு கூடப் போடாமல் வெளியே போனார். மேப்பிள் மரத்தடியில் பனியைத் தோண்டி அந்தச் சுருள்களைப் போட்டு மூடினார்.

"கால் படாத இடம்," என்றார் உள்ளே வந்து.

இஸ்திரிப் பெட்டியில் தண்ணீர் தெளித்தேன். சொய் என்றது. புது மெழுகு கண்ணாடி மாதிரிப் படிந்தது.

சனிக்கிழமை பள்ளிக்கூடத்துப் பின்புறச் சரிவுக்கு அப்பாவும் வந்தார். முதல் தடவை. நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். நிற்காமல் கீழே வேலி வரைக்கும் போய்விட்டேன், அம்மா.

மூச்சு வாங்க வந்து சேர்ந்த அப்பா, "உங்கம்மா பாதியிலயே உட்கார்ந்துட்டேன்னு சொன்னா. நீ வேலி வரைக்கும் வந்துட்டியே," என்று சிரித்தார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன்.

திரும்பி என் தடத்தைப் பார்த்தேன். எங்காவது கொஞ்சம் ரோஜா நிறம் தெரிகிறதா என்று தேடினேன். இல்லை. வெள்ளைதான். மேலேயிருந்து வேலி வரைக்கும், நடுவில் எங்கும் அறுந்து போகாமல்.

அடுத்த சரஸ்வதி பூஜைக்கு நானே பொட்டு வைப்பேன். நீ வைத்த அதே அடிப்பக்கத்தில்தான். பனி வந்ததும் அதன் மேல் மெழுகு பூசி ஓட்டுவேன். மறு குளிருக்குச் சுரண்டி எடுத்துவிட்டு, மறுபடி ஓட்டுவேன். நீ பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை, அம்மா. நான் விழ மாட்டேன்.

எங்கே ஓடினாலும் உன் மகளான,
மாலதி