மூணு என்று சொன்னேன்

5-6-2024, புதன்
இட்லி கல் மாதிரி இருந்தது. சொல்லவில்லை. சொன்னால் மருமகள் சரிதா, "நீங்க மாவு ஆட்டித் தாங்க அத்த, பூவாட்டம் அவிச்சுத் தர்றேன்" என்பாள். கிரைண்டர் பக்கத்தில் நான் நின்று மாதக்கணக்காகிறது என்று அவளுக்குத் தெரியும்.

சிவசங்கர் காலை ஷிப்ட் முடிந்து வந்தான். பெரிய குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டதாம், முதல் மாடி. என் பெரிய மகன், மைன்ஸில் பெர்மனென்ட். எங்கள் ஊர் வடக்குத்தில் அவன் வயதுக்காரன் எத்தனை பேருக்கு இப்படி வாய்த்தது? பெருமையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் சொன்னான்.

"பதினெட்டுப் படிம்மா. ஒன்னால ஏற முடியுமா?"

"ஏன் முடியாது?"

"முடியலன்னா தம்பி வூட்ல இரு. நான் வாராவாரம் வந்து பாத்துக்கறேன்."

தம்பி வூடு. அன்புமணி, என் சின்னவன், வடக்குத்திலேயே இருந்துகொண்டு கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறவன். என்னைக் கேட்காமல் சந்திராவைக் கட்டிக்கொண்டு வந்தான். அவள் கையால் தண்ணிகூட வாங்கிக் குடிக்க மாட்டேன் என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டுத்தான் இங்கே வந்தேன். ஏழு வருஷம் ஆகிறது. அந்த வாசலில் போய் நிற்பதா?

படி ஏறித்தான் ஆகணும்.

10-6-2024, திங்கள்
எலும்பு கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் பெயர் ராஜ்மோகன். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வலது முட்டியில் எலும்பும் எலும்பும் உரசுகிறதாம். ஆபரேஷனை என் இருதயம் தாங்காது என்று முன்பே சொல்லியாகிவிட்டது. இவர் வேறு வழி சொன்னார். கத்தி கிடையாது, தையல் கிடையாது. ஊசி மாதிரி ஒன்றை உள்ளே விட்டு, முட்டியின் வலியைக் கொண்டுபோகிற நரம்புக்கு மட்டும் சூடு வைப்பாராம்.

"முட்டி புதுசாகாதும்மா. வலி மட்டும் கொஞ்ச காலத்துக்குத் தெரியாது. நடக்கலாம், படி ஏறலாம்" என்றார்.

அதற்கு முன்னால் ஒரு சோதனை ஊசி. அதில் வலி பாதிக்கு மேல் குறைந்தால்தான் சூடு வைப்பார். இல்லாவிட்டால் வைத்துப் பயனில்லையாம்.

வெளியே வரும்போது சரிதா இடுப்புப் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, "எனக்கும் ஒருநாள் காட்டணும் அத்த" என்றாள். சத்யப்பிரியாவைப் பெற்றதிலிருந்து பதினைந்து வருஷமாக இதே இடுப்புதான். நான் இரண்டு பெற்றேன், இரண்டு தடவையும் பதினாறாம் நாளே களை வெட்டப் போனேன். இது நடிப்பு என்று அவள் அம்மா எதிரிலேயே சொல்லியிருக்கிறேன். இன்றைக்கும் சொன்னேன். அவள் வண்டியைக் கிளப்பினாள்.

13-6-2024, வியாழன்
குளியலறையில் அழுதேன். குழாயைத் திறந்து விட்டுக்கொண்டுதான்.

18-6-2024, செவ்வாய்
நடந்ததை எழுதி வைக்கிறேன்.

கிளினிக்கில் நர்ஸ் பார்வதி காகிதக் கட்டோடு வந்தாள். "ஆயா, இன்னிக்கு ஒங்களுக்குத்தான பிளாக்?"

"பத்தொம்பதும்மா" என்றேன்.

"என்ன பத்தொம்பது?"

"பிளாக் பத்தொம்பது. பால் பூத்துக்கு எதிர் வூடு. என் பெரிய மகன் குவார்ட்டர்ஸ்."

"அய்ய, அந்த பிளாக் இல்ல ஆயா. நரம்ப மரத்துப்போக வைக்கிற ஊசி. அதுக்குப் பேருதான் பிளாக்."

பிளாக் நம்பர்தான் விலாசம் என்றிருக்கிற இந்த ஊரில் பிளாக் என்றால் யார்தான் நம்பரைச் சொல்ல மாட்டார்கள்? ஆனாலும் அங்கே உட்கார்ந்திருந்த பத்துப் பேரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தது சரிதா. "எங்க அத்த அஞ்சாங்கிளாசு சிஸ்டர், கோச்சிக்காதீங்க" என்றாள்.

காது இரண்டும் எரிந்தது. அந்த நேரம் பார்த்து நர்ஸ் கேட்கிறாள்: "சரி ஆயா, நடக்கிறப்ப வலி எவ்ளோ? பத்துக்கு மார்க் போடுங்க. இல்லவே இல்லன்னா சைபர், தாங்கவே முடியலன்னா பத்து."

ஒன்பது. நாக்கு வரைக்கும் வந்தது. சரிதா இன்னும் புடவைத் தலைப்பில் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாள்.

"மூணு" என்றேன்.

"மூணுதானா? குச்சி வச்சிகினு வர்றீங்களே."

"குச்சி ஒரு பழக்கம்."

எழுதிக்கொண்டாள். முட்டியைச் சுற்றி மூன்று இடத்தில் ஊசி. அரைமணி நேரம் கழித்து எழுந்து நடக்கச் சொன்னார்கள். நடந்தேன். என் கால்தானா இது? அங்கே இருந்த ஆறு படியையும் குச்சி இல்லாமல் ஏறி இறங்கினேன். இன்னொரு தடவை ஏறட்டுமா என்றுகூடக் கேட்டேன். இப்போது எவ்வளவு என்றாள் நர்ஸ். உள்ளதைச் சொன்னேன். "ரெண்டு."

டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். "மூணு ரெண்டாயிருக்கு. பாதிகூடக் குறையலையேம்மா. ஆனா நடை நல்லா இருக்கு. முன்னாடி எவ்வளவு இருந்துச்சு, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

இப்போதுதான் கணக்கு எனக்கு உறைத்தது. வாயைத் திறந்தேன். சரிதா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது என்றால் அப்போது சொன்னது பொய் என்றாகும், இவள் எதிரில்.

"மூணுதான் டாக்டர். எனக்குப் பெருசா ஒண்ணுமில்ல."

"அப்ப சூடு வேணாம்மா. மாத்திரையே போதும்."

வீட்டுக்கு வந்து சேர்ந்து, சாயங்காலம் விளக்கு ஏற்றும்போது வலி திரும்பிவிட்டது. பாவி, பத்தே போட்டிருக்கலாமேடி. யாரு கேக்கப் போறா?

22-6-2024, சனி
சரிதா டம்ளர்களைப் பேப்பரில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கதவைப் பிடித்து நின்றுகொண்டு சொன்னேன். "அது மூணு இல்ல சரிதா. ஒம்பது."

"தெரியும் அத்த."

"தெரியுமா?"

"கொழாயத் தொறந்து வுட்டுகினு அழுவுறீங்க. சுவரு என்ன இரும்பா?"

"அப்ப டாக்டர்கிட்ட நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

இன்னொரு டம்ளரை எடுத்துச் சுற்றினாள். "வலி அவங்கவங்களுக்குத்தான தெரியும். நான் சொன்னா நடிப்பும்பீங்க."

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன்.

"அவன்கிட்ட சொல்லி இன்னொரு தடவ கூட்டிகினு போவச் சொல்லேன்."

"நீங்களே சொல்லுங்க. ஆஸ்பத்திரியில பொய் சொன்னேன்டா சிவான்னு சொல்லுங்க. ஒங்க புள்ளதான."

அவன் வந்தான். என்னம்மா ஒரு மாதிரி இருக்க என்றான். சாப்பிட்டியா என்று கேட்டேன்.

29-6-2024, சனி
சாமான் எல்லாம் லாரியில். என் டிரங்குப்பெட்டி மட்டும் ஆட்டோவில்.

30-6-2024, ஞாயிறு
வடக்குத்து. சந்திரா செம்பில் தண்ணி கொண்டுவந்து நீட்டினாள். தொண்டை காய்ந்திருந்தது. எவ்வளவு நேரம் காயவிட முடியும்? வாங்கிக் குடித்தேன். செம்பைத் திருப்பி வாங்கிக்கொண்டு வெளியே போனாள். பக்கத்து வீட்டுச் சின்னம்மாளிடம் சொல்வது கேட்டது.

"ஏழு வருசத் தாகம்க்கா. ஒரே மடக்குல குடிச்சுது கெழவி."

இரண்டு பேரும் ரொம்ப நேரம் சிரித்தார்கள்.

7-7-2024, ஞாயிறு
சிவசங்கர் வரவில்லை. ஷிப்ட் மாறியிருக்கும்.

14-7-2024, ஞாயிறு
சிவசங்கர் வந்தான். போனில் புது வீட்டைக் காட்டினான். சத்யப்பிரியாவுக்குத் தனி அறை, ஜன்னல் பக்கம் மேஜை. எனக்கு என்று எதுவும் காட்டவில்லை.

கிளம்பும்போது ஞாபகம் வந்தவன் மாதிரி நின்றான். "முட்டி எப்பிடிம்மா இருக்கு? வேணும்னா அந்த டாக்டர்கிட்ட இன்னொரு தடவ காட்டலாமா?"

சந்திரா முறத்தைக் கீழே வைத்தாள். நான் என்ன சொல்வேன் என்று கேட்கத்தான் வைத்தாள்.

"எனக்கு என்னடா கொற? இங்க நல்லாத்தான் இருக்கேன்."

நம்பினான். சரிம்மா என்று செருப்பை மாட்டினான். வாசல்வரை போக எழப் பார்த்தேன், முடியவில்லை. கயிற்றுக்கட்டிலைப் பிடித்தபடி பாதியில் நின்றேன். அவன் திரும்பிப் பார்க்காமல் போனது நல்லதற்குத்தான்.