இருட்டுக்கு அம்மாவின் பதில்

அன்புள்ள இயக்குநர் மாமாவுக்கு,

வணக்கம். நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். அம்மாவுக்காகக்கூட எதையும் பூசி மெழுகமாட்டேன்.

உங்கள் கடிதம் புதன்கிழமை வந்தது. அம்மாவின் கவிதை நாடகத்தில் கடைசிக் காட்சியை முழு இருட்டில் நடத்தவேண்டும், சம்மதம் இல்லையென்றால் வேறு நாடகம் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். "ஆறு வருஷம் எழுதினதை இருட்டுல ஒளிச்சு வைக்கவா? வந்தவன் குறட்டை விடுவான்" என்றார் அம்மா. நான்கு பதில் எழுதி நான்கையும் கிழித்தார். மூன்றாவது முழுக்க உங்களைத் திட்டும் வெண்பா. நன்றாகவே இருந்தது.

இன்று மதியம் அப்பாவின் பைண்டிங் கடையில் ஒத்திகை. காகிதம் அடுக்கும் பின்னறை, ஜன்னல் கிடையாது. கதாநாயகனாக நடிக்கும் பல் டாக்டருக்கு எதுகை வந்தாலே தலை தானாக ஆடும். "டாக்டர், தலையாட்டி பொம்மை மாதிரி ஆடாதீங்க" என்றார் அம்மா. "நீங்க எதுகையைக் குறைங்க, நான் தலையைக் குறைக்கிறேன்" என்றார் அவர். கடைசிக் காட்சியில், மகன் இறந்ததைச் சொல்லும் இடத்திலும் ஆடியது. அப்பா சிரித்தேவிட்டார். அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

அப்போது நான் யாரையும் கேட்காமல் விளக்கை அணைத்தேன்.

டாக்டருக்கு எல்லாம் மனப்பாடம், நிறுத்தவில்லை. தலை ஆடியிருக்கும், யார் கண்டது? குரல் மட்டும் எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. மறுபடி விளக்கைப் போட்டபோது அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். "காகிதத் தூசி" என்றார்.

அம்மா என் பென்சிலை வாங்கி, பிரதியில் 'அந்திச் சிவப்பைப் பார்' என்ற வரியை அடித்தார். "இருட்டுல இருக்கறவங்ககிட்ட எதைப் பார்க்கச் சொல்றது?" என்றார். உங்களுக்கு எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுது. ஆனா நான் ஒத்துக்கிட்டேன்னு மட்டும் எழுதாதே" என்றார். ஆகவே அதை நான் எழுதவில்லை.

மாமா, தயவுசெய்து வேறு நாடகம் தேடாதீர்கள்.

வணக்கத்துடன்,
நாடகாசிரியரின் மகள்

பி.கு.: டாக்டர் கடைசிக் காட்சியை முதலிலிருந்து தொடங்கப்போகிறார். இந்த முறை சுவிட்சுக்குப் பக்கத்தில் நிற்பது அம்மா. எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள், விளக்கை அணைத்துவிட்டார்.