பதினோராம் நிமிடத்துக் கொம்பு

மார்ச் 4, செவ்வாய்

இன்று பானைக்காரர், அதாவது குழி தோண்டிப் பழைய பானைகளை ஆராய்கிறவர், எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தின் நாலு மாடியையும் படியேறியே வந்தார். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லையாம். அறுபது வயது மனிதர், கையில் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றார். நான் கழுவிய குப்பிகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"பெரியவரே, கிடைச்சிருச்சு!"

"என்ன சார், பென்ஷனா?"

அவர் சிரிக்கவில்லை. தாளை என் மூக்குக்கு நேரே நீட்டினார். எழுத்து தெரியாத எனக்கு அந்தக் கோடு மட்டும் நன்றாகத் தெரியும். படம்தானே. எங்கள் மெஷினில் சுண்டுவிரல் உயரக் குப்பியை வைத்தால் போதும். உள்ளே இருப்பதில் ஒரு துளி உறிஞ்சி, சூடாக்கி, கலந்து கிடப்பதையெல்லாம் தனித்தனியாகப் பிரித்துக் கோடு போட்டுத் தரும். ஒன்றும் இல்லையென்றால் கோடு படுத்துக் கிடக்கும். ஏதாவது இருந்தால் கொம்பு முளைக்கும். எத்தனையாவது நிமிடத்தில் முளைக்கிறது என்பதை வைத்து இன்ன சரக்கு என்று சொல்லிவிடுவார்கள். இவருடைய கொம்பு பதினோராம் நிமிடத்தில், நல்ல உயரமாக நின்றது. ஏதோ மூலிகைச் சத்தாம். நீளமாக ஒரு பெயர் சொன்னார். ரெண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் அந்தப் பானையில் மருந்து காய்ச்சியிருக்கிறார்களாம்.

குப்பியைத் திறந்து, "முகர்ந்து பாருங்க, ரெண்டாயிரம் வருஷத்து வாசம்!" என்றார்.

முகர்ந்தேன். "பழகின வாசமா இருக்கே சார்."

"அதான்! நம்ம ரத்தத்துலயே ஊறின வாசம்!"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் தட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

முழங்கால் நேற்றிலிருந்து தேவலை. ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் கொண்டுவந்து கொடுத்த நீல பாட்டில் தைலம் நன்றாக வேலை செய்கிறது. அவனால் எனக்கு நடந்த முதல் நல்ல காரியம்.

மார்ச் 5, புதன்

நான் பேசப் பேச இந்த ஃபோன் எழுதிக்கொள்கிறது. மகள் வேலைக்காகத் தூரமாகப் போகும்போது பழக்கிவிட்டுப் போனாள். நாற்பது வருடம் ரேடியோவில் செய்தி கேட்டவன் நான். அதனால் எழுத்தில் ஏறுகிற பேச்சைச் செய்தி வாசிப்பவர் மாதிரியே பேசுகிறேன். வீட்டுக்காரி கதவோரம் நின்றுகொண்டு, "இன்னைக்கு மழை உண்டா இல்லையான்னும் சொல்லிடுங்க" என்கிறாள்.

மார்ச் 7, வெள்ளி

மண்ணு சாருக்கும் கொம்பு முளைத்துவிட்டது! அதே பதினோராம் நிமிடம். வயல் மண்ணை ஆராய்கிற மனிதர், அதிர்ந்து பேசமாட்டார். இன்று மட்டும் குரல் தாழ்வாரம் வரை கேட்டது. பயிர் பூச்சியை விரட்டுவதற்காக வேர் வழியாக இந்தச் சத்தை மண்ணில் கசிய விடுகிறதாம். யாரும் இதுவரை கண்டுபிடிக்காததாம்.

மெஷின்காரம்மாதான் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பதினாறு வருடமாக அந்த மெஷினோடு குடித்தனம் நடத்துகிறவர் அவர். அதற்கு இருமல் வந்தால் இவருக்குத் தொண்டை கட்டும்.

"அண்ணே, பானைக்குள்ள இருந்தது வயல்ல எப்படி?"

"பானையைக் கவுத்திருப்பாங்கம்மா."

நல்லவேளை, சிரித்தார்.

மார்ச் 10, திங்கள்

காய்ச்சல். லீவு. லிஃப்ட்காரன் குப்பி கழுவட்டும் என்று சொல்லிவிட்டார்கள். முப்பத்துநாலு வருடம் நான் கழுவிய குப்பியை அவன் கழுவப்போகிறான். காய்ச்சலைவிட அதுதான் சுடுகிறது.

மார்ச் 11, செவ்வாய்

காய்ச்சல்.

மார்ச் 13, வியாழன்

வேலைக்குப் போனேன். லிஃப்ட்காரன் மூன்று நாளில் ஒரு குப்பிகூட உடைக்கவில்லை. கொஞ்சம் ஏமாற்றம்தான். குப்பியைக் கண்டு பயந்துபோய், மூடிக்குள் வைக்கிற ரப்பர் வில்லையை ஒவ்வொன்றாக இடுக்கியால் பிடித்து வைத்தானாம். சட்டப்படி அப்படித்தான் செய்ய வேண்டும். ஆனால் இடுக்கியால் போட்டால் நூறு குப்பிக்கு அரை நாள் ஓடிவிடும். விரலால் போட்டால் ஒரு டீ குடிக்கிற நேரம். இதெல்லாம் அனுபவத்தில் வருவது.

மார்ச் 14, வெள்ளி

இன்று நாலாவது மாடியில் நடந்த சண்டை கீழே வாட்ச்மேன் வரைக்கும் கேட்டிருக்கும்.

நேற்று மத்தியானம், குழந்தைகளின் ரத்தத்தைச் சோதிக்கிற ரத்தக்காரம்மாவின் குப்பிகள் மெஷினில் ஓடின. பிறந்து ஒன்பது நாள் ஆன குழந்தையின் ரத்தம். அதிலும் அதே கொம்பு! இன்று நேராக மெஷின் அறைக்கு வந்தார்.

"இவரோட பானை அழுக்கு மெஷினுக்குள்ள தங்கி, என் குழந்தையோட ரத்தத்துல சொட்டுது. மெஷினைச் சுத்தமா வச்சுக்கத் தெரியலைன்னா இந்த வேலை எதுக்கு?"

பானைக்காரர் விடவில்லை. "அழுக்கா? அது ரெண்டாயிரம் வருஷத்து மருந்து!"

"அப்ப உங்க மருந்தை நீங்களே குடிங்க, என் சாம்பிளை விடுங்க!"

மெஷின்காரம்மா ஒரு தாளை மேசையில் வைத்தார். தினமும் வேலை தொடங்கும் முன் ஒன்றும் கலக்காத வெறும் குப்பி ஒன்றை ஓட்டிப் பார்ப்பார். மெஷினில் பழையது தங்கியிருந்தால் அதில் தெரிந்துவிடும். தாளில் கோடு படுத்தே கிடந்தது. "என் மெஷின் சுத்தம்" என்றார்.

யாரும் கேட்கவில்லை. அடுத்த வெள்ளி கமிட்டி கூடுகிறதாம். தப்பு மெஷினில்தான் என்று முடிவானால் அவரைக் கீழே சாமான் அறைக்கு மாற்றிவிடுவார்களாம். ஜன்னல் இல்லாத அறை. பெட்டி எண்ணுகிற வேலை.

அந்த அம்மா மேல தப்பு இருக்காதுங்க. இருக்கவே இருக்காது.

மார்ச் 17, திங்கள்

மெஷின்காரம்மா என்னை உட்காரவைத்தார். "அண்ணே, எந்தத் தட்டு என்னைக்குக் கழுவினதுன்னு உங்களுக்குத்தான் ஞாபகம் இருக்கும்."

இருக்காதா? எழுதி வைக்கத் தெரிந்தவன் மறக்கலாம். நான் மறந்தால் எங்கே போய்ப் பார்ப்பது? அவர் ஒவ்வொரு குப்பி எண்ணாகப் படித்தார். நான் தட்டைச் சொன்னேன். விளிம்பு நெளிந்த தட்டு, காய்ச்சலுக்கு முந்தின திங்கள் கழுவியது, கொம்பு. பச்சைத் தட்டு, வியாழன் கழுவியது, கொம்பு. காது உடைந்த தட்டு, லிஃப்ட்காரன் கழுவியது, பானையும் மண்ணும் பாதிப்பாதி. கொம்பு இல்லை.

"இதுலயும் பானைதானே? இதுல மட்டும் ஏன் இல்லை?" என்றார்.

"நல்ல பானை போலிருக்கு" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. என் தட்டில் எல்லாம் கொம்பு. அவன் தட்டில் ஒன்றும் இல்லை. என் கை பட்ட இடமெல்லாம்.

என்ன வெச்சிருக்கேன் நான் கையில?

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினேன். வீட்டுக்காரி மூக்கைப் பொத்தினாள். "முழங்காலுக்குத் தடவச் சொன்னா ஊருக்கே தடவிட்டு வர்றீங்க. நீங்க தெருமுனை திரும்பும்போதே எனக்குத் தெரிஞ்சிடுது, டீயை அடுப்புல வச்சிடறேன்."

நீல பாட்டிலைத் திறந்து முகர்ந்தேன்.

ரெண்டாயிரம் வருடத்து வாசம்.

மார்ச் 18, செவ்வாய்

நேற்று ராத்திரி முழுக்க ஒரே கேள்வி. சும்மா சந்தேகப்பட்டால் போதுமா? பானைக்காரர் ஆசைப்பட்டதை நம்பிவிட்டார். நானும் பயந்ததை நம்பிவிடக் கூடாது. மெஷினையே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஒன்பது குப்பி கழுவினேன். மூன்றுக்கு வில்லையை இடுக்கியால் போட்டு, கழுத்தில் வெள்ளை நூல் கட்டினேன். அப்புறம் முழங்காலுக்குத் தைலம் தேய்த்து, சோப்புப் போட்டு நன்றாகக் கை கழுவினேன். மூன்றுக்கு வில்லையை விரலால் போட்டு, சிவப்பு நூல். கடைசி மூன்றுக்கு, தைலம் தேய்த்த காலோடு நின்றபடியே, இடுக்கியால் போட்டேன். கறுப்பு நூல். வாசனை காற்றில் வருகிறதா, விரலில் வருகிறதா என்று தெரிய வேண்டாமா? ஒன்பதிலும் மெஷின் அறையிலிருந்து கழுவுவதற்குத் தருகிற அதே திரவம்தான். வேறு எதுவும் இல்லை.

"இது எந்தத் துறை சாம்பிள் அண்ணே?" என்றார் மெஷின்காரம்மா.

"புதுத் துறைம்மா. பேர் இன்னும் வைக்கல. ஓட்டிட்டு, எந்த நூல்ல என்ன வந்துதுன்னு மட்டும் சொல்லுங்க."

எதையும் சொல்லவில்லை. சொன்னால் எனக்காக இரக்கப்பட்டுக் கோட்டைப் பார்ப்பார்.

மார்ச் 19, புதன்

வெள்ளை, ஒன்றும் இல்லை. கறுப்பு, ஒன்றும் இல்லை.

சிவப்பு மூன்றிலும் கொம்பு.

மார்ச் 20, வியாழன்

சொல்வதா, விடுவதா?

வயதைத் தாண்டியும் தினக்கூலியில் வைத்திருக்கிறார்கள். ஒரு வரி எழுதினால் போதும், நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அதுகூடப் போகட்டும். முப்பத்துநாலு வருஷத்துல என் குப்பியில ஒரு கறை இருந்துச்சுன்னு எவனும் சொன்னதில்லையே. நானே போய் எப்படிச் சொல்றது? நாளையிலேருந்து தைலத்தை விட்டுட்டா கொம்பு தானா நின்னுடும். யாருக்கும் தெரியாது. மெஷின் தானா சரியாப் போச்சும்பாங்க.

சாமான் அறைக்கு ஜன்னல் கிடையாது.

வீட்டுக்காரியிடம் சொன்னேன். டீ டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். அப்புறம், "என் தம்பி கொடுத்த பாட்டில்னு மட்டும் அங்க சொல்லிடாதீங்க" என்றாள்.

மார்ச் 21, வெள்ளி

நீண்ட மேசை. ஒரு பக்கம் இயக்குநர், இன்னொரு பக்கம் பானை, மண், ரத்தம். கடைசி நாற்காலியில் மெஷின்காரம்மா, மடியில் தாள்களை வைத்துக்கொண்டு. நான் டீ கொடுக்கிற சாக்கில் உள்ளே போய், வெளியே வரவில்லை.

ரத்தக்காரம்மா மெஷினைக் குற்றம் சொல்லி முடித்ததும், நான் சிவப்பு நூல் கட்டிய குப்பியைப் பானைக்காரர் முன்னால் வைத்தேன்.

"சார், இதையும் கொஞ்சம் முகர்ந்து பாருங்க."

மூடியைத் திறந்து, கண்ணை மூடி முகர்ந்தார். முகம் மலர்ந்துவிட்டது. "அதே வாசம்! அதேதான்! பெரியவரே, இது எந்தக் குழியில கிடைச்சுது?"

"என் முழங்கால்ல, சார்."

சட்டைப் பையிலிருந்து நீல பாட்டிலை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். விரலால் வில்லை போட்டதையும், ஒன்பது குப்பியையும், மூன்று நூலையும் சொன்னேன். "தப்பு மெஷின்ல இல்ல. அந்தம்மா மேல இல்ல. கை என்னுது."

மண்ணு சார்தான் முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டே தன் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தார். பயிர் பூச்சி விரட்டிய கதை அத்தோடு முடிந்தது.

ரத்தக்காரம்மா சிரிக்கவில்லை. "இது விளையாட்டு இல்லை. ஒரு குழந்தையோட ரிப்போர்ட். இவரை வேலையை விட்டு நிறுத்தணும்." அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தலையைக் குனிந்துகொண்டேன்.

மெஷின்காரம்மா எழுந்தார். "அப்படின்னா என்னையும் நிறுத்துங்க. நான் தினமும் ஓட்டின வெறும் குப்பி புதுப் பெட்டியிலேருந்து எடுத்தது. உங்க குப்பியெல்லாம் அண்ணன் கழுவினது. நான் சோதிச்சது மெஷினை மட்டும்தான். கழுவுறதை யாரும் சோதிக்கல. அதைச் சோதிச்ச ஒரே ஆள் இவர்தான்."

இயக்குநர் ஒன்பது கோட்டையும் வரிசையாக அடுக்கிப் பார்த்தார். "இதை யார் யோசிச்சது?" என்று கேட்டார். முழங்கால் என்று சொல்ல நினைத்தேன். வாயை அடக்கிக்கொண்டேன்.

எல்லாச் சாம்பிளையும் முதலிலிருந்து ஓட்ட வேண்டும், நான் எல்லாக் குப்பியையும் திரும்பக் கழுவ வேண்டும், இனி இடுக்கி மட்டும்தான், தைலம் கூடவே கூடாது. இதுதான் தீர்ப்பு. மெஷின்காரம்மா அவர் அறையிலேயே இருக்கிறார்.

பானைக்காரர் மட்டும் எழுந்திருக்கவே இல்லை. சிவப்பு நூலை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை.

மார்ச் 24, திங்கள்

இடுக்கி. நூற்றிருபது வில்லை. லிஃப்ட்காரன் வந்து, "கையை இப்படிப் பிடிங்க" என்று சொல்லிக்கொடுக்கிறான்! என்ன காலம்.

மார்ச் 27, வியாழன்

பானைக்காரர் என்னோடு பேசுவதில்லை. என் தட்டு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவருடைய குப்பிகளை நான் ரெண்டு தடவை கூடுதலாக அலசுகிறேன். அவருக்குத் தெரியாது.

ஏப்ரல் 9, புதன்

காலையில் என் தட்டிலிருந்து எடுத்த வெறும் குப்பி முதலில் ஓடியது. இப்போதெல்லாம் தினமும் அப்படித்தான். கோடு படுத்தே கிடந்தது. மெஷின்காரம்மா கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

பத்து மணிக்குப் பானைக்காரர் வந்தார். லிஃப்டில்தான் வந்தார். தாளை என் முன்னால் வைத்தார். பதினோராம் நிமிடம் சுத்தம். ஆனால் பதினெட்டாம் நிமிடத்தில், நகக்கண் அளவுக்கு, ஒரு குட்டிக் கொம்பு. ஒரே ஒரு பானை ஓட்டுத் துண்டில் மட்டும். அதையே மூன்று தடவை மெஷினில் ஓட்டியும் அதே இடத்தில் வந்ததாம்.

"பெரியவரே, உண்மையைச் சொல்லுங்க. என்ன சோப்பு போடறீங்க?"

சொன்னேன். அந்த சோப்பை முன்னாலேயே ஓட்டிப் பார்த்துவிட்டாராம்.

"தலைக்கு?"

"தலையைப் பாருங்க சார். எதுக்குத் தடவணும்?"

"வீட்டுல ஏதாவது... உங்க மைத்துனர் வேற ஏதாவது கொண்டுவந்தாரா?"

அவருக்கு யார் சொன்னது என்று தெரியவில்லை. லிஃப்ட்காரனாகத்தான் இருக்கும், இடுக்கி பழகும்போது அவனிடம் வாய் விட்டிருந்தேன். நான் தாளை வாங்கி, நேற்றைய வெறும் குப்பியின் கோட்டுக்கு மேல் வைத்து ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்த துறைக் கோடுகளையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். வேண்டுமென்றே கொஞ்சம் மெதுவாகத்தான்.

"இது என்னுது இல்ல, சார்."

ஸ்டூலை இழுத்து உட்கார்ந்துவிட்டார். ரொம்ப நேரம் அந்த நகக்கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது என் தோளைத் தொட்டார்.

முழங்கால் உயிரை எடுக்கிறது.