நடுவில் விட்ட இடம்

மார்ச் 4

அன்புள்ள வாத்தியாருக்கு,

நலமா? மாற்றலாகிப் போய் மூன்று மாதத்தில் மூன்றே வரி எழுதியிருக்கிறீர்கள். கோபம் ஆறவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

நேற்று ஸ்டுடியோவுக்கு ஒரு குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, இரண்டு சின்னப் பெண்கள். பெண்களுக்கு நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடைவெளி. “பாப்பா, கொஞ்சம் ஒட்டி நில்லுங்க” என்றேன். நகர்ந்தார்கள். கேமராவில் கண்ணை வைத்தால் மறுபடி அதே இடைவெளி. நானே போய்த் தோளைப் பிடித்து நெருக்கி நிறுத்தினேன். திரும்பி வருவதற்குள் பழையபடி. யாரும் காலை அசைத்ததை நான் பார்க்கவில்லை. அலுத்துப்போய் அப்படியே எடுத்துவிட்டேன்.

இன்று அந்த அம்மா பிரிண்டைப் பார்த்துவிட்டு, “அவன் கண்ண மூடிட்டான், இன்னொன்னு எடுத்துடுங்க” என்றாள். படத்தில் நாலு பேர் கண்ணும் திறந்துதான் இருந்தது.

எனக்குத்தான் புத்தி பிசகிவிட்டது என்றாவது எழுதுங்கள். தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது.

உங்கள்
போட்டோக்காரி


மார்ச் 11

அன்புள்ள வாத்தியாருக்கு,

பதில் இல்லை. சரி.

அவர்கள் இன்று வந்தார்கள். இந்தத் தடவை நான் யாரையும் நகரச் சொல்லவில்லை. அந்த இடைவெளியைப் பார்த்து, “தம்பி, இங்க பாரு, கண்ண மூடக்கூடாது” என்றேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் பெண்கள் இரண்டும் சிரித்துவிட்டன. பெரியவளின் சட்டைத் தோள், யாரோ கை வைத்தாற்போல் அமுங்கியது. பட்டனை அழுத்திவிட்டேன்.

“இப்ப சரியா நிக்கிறான்” என்று அந்த அம்மா படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள்.

கதவைச் சாத்திவிட்டு அழுதேன். ஊரார் பிள்ளைகளையெல்லாம் உட்காரவைத்து எடுத்தவள், நம் பிள்ளையை எடுக்கவில்லை. “கழுத்து நிக்கட்டும், நல்லா உக்காரட்டும், அப்புறம் அழகா எடுத்துக்கலாம்” என்று தள்ளிப்போட்டேன். காய்ச்சல் காத்திருக்கவில்லை. நீங்கள் போனது அதனால்தான் என்று தெரியும். இப்போது எனக்கு அவன் மூக்கு மறந்துகொண்டு வருகிறது.

போட்டோக்காரி


மார்ச் 19

அன்புள்ள போட்டோக்காரிக்கு,

நான் போனது அதனால் இல்லை.

என்னிடம் ஒரு படம் இருக்கிறது. அவனுக்கு ஆறு மாதம். நீ வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், பக்கத்து வீட்டுக்காரரிடம் கேமரா வாங்கி எடுத்தேன். ‘அசைஞ்சிருச்சு, வெளிச்சம் போதல’ என்பாய் என்று காட்டவில்லை. அவன் போன பிறகு, உன்மேல் இருந்த ஆத்திரத்தில் ஒளித்துவைத்தேன். நீ அவன் முகத்தைத் தேடித் தவிப்பதைப் பார்த்துக்கொண்டு ஒரே வீட்டில் இருக்க முடியவில்லை. நானாகத்தான் மாற்றல் கேட்டேன்.

படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். மூக்கு தெளிவாக விழுந்திருக்கிறது. அசைந்தது கைகள்தான். இரண்டையும் தூக்கிக்கொண்டு, எனக்குப் பின்னால், ஆள் உயரத்தில் யாரையோ பார்த்துச் சிரிக்கிறான். அறையில் அன்று வேறு யாரும் இல்லை. இரண்டு வருடமாக இதைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இனி முடியாது.

சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். கதவைத் திறக்க மனமில்லையென்றால் திறக்காதே. படத்தை மட்டும் கிழித்துவிடாதே.

இப்படிக்கு,
அவன் அப்பா