வேட்டித் திரைக்குப் பின்னால் எழுமலைச் செட்டு

மேலே போயும் வால்யூமைக் குறைத்திருக்க மாட்டாய் என்று நான் நம்புகிற என் மாப்ள தவமணிக்கு,

இந்தத் தையிலும் கூட்டம் நடந்தது. உன் வீட்டில்தான் நடந்தது. நீ இல்லாமல் நடந்த முதல் கூட்டம். என்ன ஆச்சு, பந்தயம் என்ன ஆச்சு என்று நீ அங்கே உட்கார முடியாமல் தவித்துக்கொண்டிருப்பாய். பொறு, சொல்கிறேன். எனக்கு எதையும் முதலிலிருந்து சொல்லித்தான் பழக்கம். நடுவில் புகுந்து "விஷயத்துக்கு வா மச்சான்" என்று நீ அதட்டுவாய். இப்போது அதட்ட முடியாதல்லவா? கேட்டுத்தான் ஆகவேண்டும்.

இதை மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். உன்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தவமணி பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். என் தங்கை விஜயாவின் புருஷன், அதற்கும் முன்பே என் சிநேகிதன். திருநகரில் அவன் வீட்டு மாடி அறைதான் எங்கள் சங்கம். பழைய ஆம்ப்ளிஃபையர், ரிக்கார்டு பிளேயர், ரேடியோ என்று எவர் வீட்டுப் பரணில் எது கிடந்தாலும் தூக்கிவந்து, பிரித்து, சரிசெய்து, பாட வைத்துக் கேட்போம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பெயிண்ட் கடையை மகனிடம் விட்டுவிட்டு திருமங்கலத்திலிருந்து நான் ஓடிவருவேன். செல்போன் கடை ரபீக் வருவான். தையில் மட்டும் கோயம்புத்தூர், திருச்சி, திண்டுக்கல் என்று வெளியூர்க் கூட்டாளிகளும் வருவார்கள்.

வேட்டித் திரையையும் சொல்லியாக வேண்டும். அது உன் சட்டம். ஆரம்பத்தில் எங்கள் ஆட்கள் பெட்டியில் எழுதியிருக்கிற கம்பெனிப் பேரைப் பார்த்தே "ஆகா" என்பார்கள், பேர் இல்லாத பெட்டி என்றால் முகத்தைச் சுளிப்பார்கள். ஒருநாள் உனக்குக் கோபம் வந்து, கொடியில் காய்ந்த வேட்டியை உருவிக் குறுக்கே கட்டிவிட்டாய். "பேரைப் பாத்துக் கேக்காதீங்கய்யா, காதால கேளுங்க!" அன்றிலிருந்து எந்தச் செட்டும் திரைக்குப் பின்னால்தான் பாடும். எது என்று தெரியாமலே நல்லது கெட்டது சொல்ல வேண்டும். அன்றைக்கு நான் உயிராக மதித்த டிரான்சிஸ்டர் செட்டை நானே "தகர டப்பா" என்று சொன்னதை ரபீக் இன்னும் விடுவதில்லை.

சரி, போன வருஷத்துக்கு வருகிறேன். எழுமலையில் ஒரு சம்சாரி வீட்டில் மிளகாய் மூட்டைக்கு அடியில் கிடந்த வால்வு ஆம்ப்ளிஃபையரைத் தூக்கி வந்தாய். என்ன கனம்! வால்வு சூடானதும் மிளகாய் நெடி கிளம்பி அத்தனை பேரும் தும்மினோம். ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, துடைத்து, செத்ததை மாற்றி, அதைப் பாடவும் வைத்துவிட்டாய். ஆனால் பாட்டுக்குக் கீழே ஓர் உறுமல். இசைத்தட்டு ஓடாதபோதும் "ம்ம்ம்" என்று அடியில் ஒன்று இழுத்துக்கொண்டே இருந்தது.

கோயம்புத்தூர் நடராஜன் தையில் அதைக் கேட்டுவிட்டு, "ஏனுங்க வாத்தியாரே, உள்ள மாவு மில்லு ஏதாச்சும் ஓடுதுங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். உனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"அடுத்த தைக்கு வாங்க. இம்புட்டு உறுமல் கேட்டாலும் செட்டைத் தூக்கிட்டுப் போங்க. கேக்கலைன்னா அடுத்த கூட்டம் உங்க ஊர்ல, சாப்பாடும் உங்க கையால."

"சரிங்க" என்று கை கொடுத்துவிட்டுப் போனார் அவர்.

ஆடியில் ஒரு காலை, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தாய். எழுந்திருக்கவில்லை. இதை எழுத எனக்குக் கை வரவில்லை மாப்ள. எழுதிவிட்டேன், விடு.

மார்கழியில் நடராஜன் போன் செய்தார். "அண்ணனே போயிட்டாருங்க. பந்தயம் கிந்தயமெல்லாம் இனி எதுக்குங்க? செட்டு அக்கா வீட்டுலயே இருக்கட்டுமுங்க." நல்ல மனுஷன், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. செத்தவன் என்று விட்டுக்கொடுக்கிறாராமே! போனைப் பொத்திக்கொண்டு விஜயாவைப் பார்த்தேன்.

"பந்தயம் நடக்கட்டும்ண்ணே" என்றாள். "செட்டு போனாப் போகுது. அவுக சொன்ன சொல்லு போகக்கூடாது."

என் தங்கச்சியடா அவள். அப்படியே நடராஜனிடம் சொன்னேன். தைக்கு வருவதாகச் சொல்லி வைத்தார்.

சொல்லிவிட்டேனே தவிர, வழி ஒன்றும் தெரியவில்லை. உன்னாலேயே முடியாததை நாங்கள் எங்கே முடிப்பது? ரபீக்கும் நானும் உன் மாடி அறையில் உட்கார்ந்தோம். நீ போட்டிருந்த கண்டென்சர்களைக் கழற்றி ஊறுகாய் பாட்டிலில் போட்டு வைத்துவிட்டு, புதியவற்றைப் பற்றவைத்தோம். உறுமியது. வயர்களை மாற்றினோம். உறுமியது. வால்வுகளை மாற்றினோம், எர்த் கம்பியை மாற்றினோம். கோயில் யானை மாதிரி அசையாமல் நின்று உறுமியது. "அண்ணே, செட்டு கோயம்புத்தூருக்கு டிக்கெட் எடுத்துருச்சுண்ணே" என்றான் ரபீக். அவனை அடிக்கப் போய்விட்டேன்.

இந்த லட்சணத்தில், தைக் கூட்டத்துக்காக வெள்ளையடிக்க ஆள் வந்துவிட்டான். பெயிண்ட் என் கடைப் பெயிண்ட்தான், ஆளும் நான் அனுப்பிய ஆள்தான். "மாடியக் காலி பண்ணுங்கண்ணே" என்று விஜயா விரட்டினாள். முனகிக்கொண்டே செட்டு, ரிக்கார்டு பிளேயர், ஸ்பீக்கர் பெட்டி எல்லாவற்றையும் கீழே ஹாலுக்கு இறக்கி, அங்கேயே வேலையைத் தொடரலாம் என்று இணைத்து, சுவிட்சைப் போட்டோம்.

சத்தமே இல்லை.

செத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். மேலேயிருந்து இறக்கும்போது எங்கேயோ இடித்துத் தொலைத்துவிட்டோம் என்று ரபீக்கைத் திட்ட வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் முள்ளைத் தட்டில் வைத்தான். பாடியது. முள்ளைத் தூக்கினான். ஹாலில் சுவர்க் கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டது.

வெள்ளையடிக்க வந்தவனை நிறுத்திவைத்துவிட்டு எல்லாவற்றையும் மறுபடி மாடிக்கு ஏற்றினோம். உறுமியது! ரபீக் தலையில் கை வைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்து, வழக்கம்போல மேஜைக்கு அடியில் இருக்கிற இரும்புப் பெட்டிமேல் காலைத் தூக்கிப் போட்டான். போட்ட காலைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

ஸ்டெபிலைசர், மாப்ள. கரண்டு கூடிக் குறைந்தால் செட்டு போய்விடக் கூடாது என்று நீயே காயில் சுற்றிச் சரிசெய்து வைத்த ஸ்டெபிலைசர். மற்ற செட்டுகளை எதிர்ச்சுவர்ப் பக்கம் வைப்போம். எழுமலைச் செட்டு மட்டும் கனம் என்பதால் அந்த மேஜையில் ஏறியது. அதனோடு சேர்ந்த ரிக்கார்டு பிளேயரும் அங்கேதான். அந்தப் பெட்டியின் காயிலிலிருந்து கிளம்புகிற காந்தம், நேர் மேலே இருந்த பிளேயர் வயரில் ஏறி, ஸ்பீக்கரில் உறுமலாக வந்திருக்கிறது. கீழே இறக்கியபோது அது மட்டும் மாடியிலேயே நின்றுவிட்டது. ரபீக் பெட்டியைக் கதவுப் பக்கம் இழுத்தான். இழுக்க இழுக்க உறுமல் தேய்ந்து, கதவருகே போனதும் இல்லாமலே போனது.

எங்களைப் போன்ற கிறுக்கர்களுக்குத்தான் இப்படி நடக்கும். வேறு யாராவது என்றால் முதல் நாளே பெட்டியை இடம் மாற்றி வைத்துப் பார்த்திருப்பார்கள். நமக்குத்தான் கையில் ஸ்க்ரூ டிரைவர் இருக்கிறதே! குற்றவாளிமேல் காலைப் போட்டுக்கொண்டு, ஒரு பாவமும் அறியாத செட்டின் வயிற்றை அறுத்துக்கொண்டிருந்தோம். நீயும் அப்படித்தானே மாப்ள? எத்தனை ஞாயிறு அதன்மேல் காலை வைத்துக்கொண்டு யோசித்திருப்பாய்? உன் கைமேல் உனக்கே சந்தேகம் வந்திருக்குமோ? யாரிடமும் சொல்லாமல் மனசுக்குள் குமைந்திருப்பாயோ?

அந்த நினைப்பு வந்ததும்தான் எனக்கு உறைத்தது. மாடிப்படியில் நின்று கத்தினேன். "ஏ விஜயா! உன் புருஷன் முடிச்சுட்டுத்தான் போயிருக்கான்! செட்டுல ஒரு குத்தமும் இல்லத்தா!" அவள் கரண்டியோடு ஓடிவந்தாள். படியிலேயே உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். "எனக்குத் தெரியும்ண்ணே, எனக்குத் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அதற்குப் பிறகு நான் ஒரு பிடிவாதம் பிடித்தேன். நாங்கள் போட்டதையெல்லாம் கழற்றிவிட்டு, உன் பாகங்களையே திரும்பப் போட வேண்டும் என்றேன்.

"அண்ணே, புதுசு நல்லாத்தானே இருக்கு?" என்றான் ரபீக்.

"புதுசு என்னுது. பந்தயம் அவனுது."

ஊறுகாய் பாட்டிலைக் கவிழ்த்தோம். உன் கண்டென்சர்கள், உன் வயர்கள், உன் வால்வுகள். ஒன்றின் காலை ஒடித்துவிடுவோமோ என்று ஒவ்வொன்றையும் இடுக்கியால் பிடித்தே வைத்தேன். நீ வைத்த ஈயப் பற்று எவ்வளவு சுத்தம் என்பதை அன்றைக்குத்தான் அருகில் பார்த்தேன். எல்லாம் முடித்து, முதலில் குண்டு பல்பு வழியாகக் கரண்டு கொடுத்தோம். உள்ளே கோளாறு இருந்தால் பல்பு பிரகாசமாக எரிந்துகொண்டே இருக்கும். ஒரு கணம் எரிந்தது. பிறகு மெல்ல மங்கியது. "அல்ஹம்துலில்லாஹ்" என்றான் ரபீக். நான் அழகர் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டேன்.

கூட்டத்தன்று கீழ் ஹாலில் நிற்க இடமில்லை. ஸ்டெபிலைசரைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. உன் பச்சைக் கரை வேட்டியை விஜயா கஞ்சி போட்டுத் தேய்த்துக் குறுக்கே கட்டியிருந்தாள். நடராஜன் முன்வரிசையில் உட்கார்ந்தார். பந்தயம் இதுதான் என்று நானே எழுந்து சொன்னேன்: தட்டு ஓடாது, வால்யூம் வழக்கமாகப் பாட்டுக் கேட்கிற அளவில் இருக்கும், சுவிட்சைப் போட்டதும் உறுமல் கேட்டால் செட்டு கோயம்புத்தூருக்கு.

எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். ஃபேனையும் நிறுத்தினோம். நடராஜன் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, காதைத் திரைப் பக்கம் கொடுத்தார். வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துப் போனது. எங்கோ குக்கர் விசில் அடித்தது. நடராஜன் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். மறுபடி மூடிக்கொண்டார். இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"ஏனுங்க, எவ்வளவு நேரமுங்க? சுவிட்சைப் போடுங்க."

திரைக்குப் பின்னாலிருந்து விஜயா குரல் வந்தது.

"போட்டு ரொம்ப நேரமாச்சுண்ணே. அவுக செட்டத்தான் கேட்டுக்கிட்டு இருக்கீக."

ஒருத்தரும் கைதட்டவில்லை மாப்ள. நடராஜன் எழுந்து நின்றார். அவர் எழுந்ததும் ஹாலே எழுந்தது. அப்புறம்தான் விஜயா முள்ளை வைத்தாள், நாதஸ்வரம் கிளம்பியது. நான் நாலு பேர் பார்க்கிறார்களே என்று பார்க்கவில்லை, துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன்.

அடுத்த தை கோயம்புத்தூரில். செட்டை லாரியில் போடமாட்டேன், காரில் என் மடியில் வைத்துக் கொண்டுபோவேன். விஜயா முன்சீட்டில் வருவாள். அங்கேயும் வேட்டியைக் கட்டுவோம்; எல்லோரும் கேட்டு முடித்தபிறகு, இதைச் சரிசெய்தது யார் என்று கேட்பார்கள். முதலில் அவள் சொல்லட்டும். அவளால் முடியாவிட்டால் நான் சொல்கிறேன், ஊருக்கே கேட்கிற மாதிரி.

உன் கையில் என் தங்கையைப் பிடித்துக் கொடுத்தவன் என்று நெஞ்சை நிமிர்த்தித் திரிகிற,
உன் மச்சான்
பெரியகருப்பன்